பிராய்லர் கோழியை நிறுத்தினால் பையனின் ஹார்மோன் இறங்குமா?

“எட்டு வயசுப் பையனுக்கு மீசை அரும்புதா? பிராய்லர் கோழியை நிறுத்துங்க, தானா சரியாயிடும். ரிப்போர்ட்ல ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் ‘குறைவு’ன்னு வந்தா கவலையே வேணாம்.” பெங்களூரு அல்சூர், சிவாஜிநகர் பக்கத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டு பாதியும் தவறு.

பிராய்லர் மளமளவென வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும்தான், ஹார்மோன் ஊசியால் அல்ல.

இரண்டாம் பாதிதான் ஆபத்து. பல லேப் தாள்களில் அச்சிட்டிருப்பது பெரியவர்களுக்கான அளவு: டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம். எட்டு வயதுப் பையனுக்கு 150 இருந்தால் அதில் ‘குறைவு’ என்றே வரும். ஆனால் பருவம் தொடங்காத பையனுக்கு 20ஐத் தாண்டுவதே அபூர்வம்!

கூடவே, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்து விரையைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனையும் பார்ப்பார்கள், பெரும்பாலும் காலையில். இரண்டும் ஏறியிருந்தால் தூண்டுதல் மூளையிலிருந்து வருகிறது. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் ஏறி எல்ஹெச் அடங்கியிருந்தால் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி, விரை போன்ற இடங்களில் தேடுவார்கள்.

பையன்களுக்கு 9 வயதுக்கு முன் பருவம் தொடங்கினால், மூளையில் கட்டி போன்ற காரணம் இருக்கும் வாய்ப்பு பெண் குழந்தைகளைவிட அதிகம். அதனால்தான் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். அப்புறம், இப்போது வகுப்பிலேயே உயரமாக நிற்கும் பையனின் எலும்பு நுனிகள் சீக்கிரம் மூடிக்கொண்டால் பின்னால் குள்ளமாகவே நின்றுவிடுவான். கோழியை நிறுத்திவிட்டுக் காத்திருக்காமல் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் காட்டுங்கள். பள்ளியில் எடுத்த பழைய உயரக் குறிப்புகள் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.