எங்களை ‘ஆல் பாஸ் பேட்ச்’ என்று சொல்லாதீர்கள்

போன வாரம் லேப் வேலை ஒன்றுக்கு இன்டர்வியூ போயிருந்தேன். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரியில் என்ன கேட்டாலும் சொல்லலாம் என்று தயாராகத்தான் போனேன். என் ஃபைலைப் புரட்டியவர் பிளஸ் டூ மார்க் ஷீட்டில் நின்றார். “ஓ, 2021-ஆ? பரீட்சையே எழுதாம ஆல் பாஸ் ஆன பேட்ச்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அவர் திட்டிச் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடமாக, கல்யாண வீட்டில், பஸ்ஸில், கல்லூரி அட்மிஷனில் என்று இதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. 2020 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தோம். மார்ச் 26-ஆம் தேதி கெமிஸ்ட்ரி. அதற்குள் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. தள்ளிவைத்தார்கள், ஜூனில் ரத்து செய்தார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம் என்று கணக்குப் போட்டு அந்தப் பாடத்துக்கு மார்க் வந்தது. சரி, பிளஸ் டூவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம்.

பிளஸ் டூ ஆரம்பித்தது வீட்டில். பள்ளி லேப்டாப்பில் வீடியோ பாடங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். கல்வித் தொலைக்காட்சியும் இருந்தது. இருந்தும் சந்தேகம் வந்தால் கேட்க ஆள் வேண்டுமே. எங்கள் ஊரில் தண்ணீர் டேங்க் பக்கம்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சாயங்காலம் ஏழெட்டுப் பேர் அங்கே கூடிவிடுவோம். சொல்லிக்கொடுத்தது எங்கள் வகுப்புப் பையன் ஒருவன்.

அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் அவன் சுமார்தான். அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூரு போய்விட, மாட்டையும் தங்கையையும் பார்த்துக்கொண்டு படித்தவன். பிளஸ் ஒன்னில்தான் அவனுக்குக் கணக்கும் இயற்பியலும் பிடிபட்டன. பிடிபட்ட பிறகு எங்களால் அவனுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டேங்க் சுவரில் கரித்துண்டால் அவன் போட்டுக்காட்டிய வகைக்கெழுக் கணக்குகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தது. ஒரு வகுப்புக்கு 25 பேர். முதல் நாளே சத்து மாத்திரை கொடுத்தார்கள். கிட்டத்தட்ட பத்து மாதம் கழித்து ஒருவரையொருவர் பார்த்தோம், மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். நான்கு பேர் வரவில்லை. மூன்று பையன்கள் வேலைக்குப் போய்விட்டார்கள், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எங்கள் கெமிஸ்ட்ரி மிஸ் அந்த நால்வர் வீட்டுக்கும் நேரில் போனார். இரண்டு பையன்களைத் திரும்பக் கூட்டிவந்தார். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஏப்ரலில் செய்முறைத் தேர்வு நடந்தது. அதை யாரும் சொல்வதில்லை. நாங்கள் ஒரு பரீட்சை எழுதினோம்! பிப்பெட்டை வாய் வைத்து உறிஞ்சக் கூடாது, அளவு ஜாடியில் ஊற்றி எடுங்கள் என்றார் மிஸ். சானிடைசர் தீப்பிடிக்கும் என்று சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லித்தான் உள்ளே விட்டார். மேலே ப்யூரெட் என்ற சொட்டுவிடும் அளவுக் குழாயில் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல், கீழே கூம்புக் குடுவையில் இரும்பு உப்புக் கரைசலும் நீர்த்த கந்தக அமிலமும். ஊதா நிறம் விழுந்து விழுந்து மறையும். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொட்டில் வெளிறிய ரோஸ் நிறம் வந்து அப்படியே நிற்கும். அந்தச் சொட்டைத் தாண்டிவிட்டால் கணக்கே தப்பு. மாஸ்க்குக்குள் வியர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சொட்டுக்காக நின்றோம். கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அந்த மேசை முன்னால்தான்.

அப்புறம் இரண்டாம் அலை. எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. மே மாதம் எங்கள் தோழி ஒருத்தியின் அப்பா ஆக்சிஜன் படுக்கைக்குக் காத்திருந்து இறந்துபோனார். ஜூன் 5-ஆம் தேதி முதலமைச்சர், தேர்வு ரத்து என்று அறிவித்தார். அந்த நேரத்தில் அதுதான் சரி. எட்டு லட்சம் பிள்ளைகளைத் தேர்வறைக்கு வரவழைப்பது நியாயமே இல்லை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

என் ஆதங்கம் மார்க் போட்ட கணக்கின் மேல். பத்தாம் வகுப்புக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியை எடுத்தார்கள். டேங்க் பக்கம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த நண்பனுக்கு இந்தச் சராசரி 58. 50-க்கு 29 கிடைத்தது. ஒரு பாடத்துக்கு 21 மார்க் போயிற்று. ஆறு பாடத்துக்கும் சேர்த்தால் 126. பிளஸ் டூவில் அவன் என்ன படித்தான், எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தான் என்பதற்கெல்லாம் அந்த 126-இல் இடமே இல்லை. பதினைந்து வயதில் மாடு மேய்த்துக்கொண்டு எழுதிய பரீட்சை பதினேழு வயதில் அவனைப் பிடித்து இழுத்தது.

ஜூலை 19 அன்று 8,16,473 பேரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். மார்க் தசமப் புள்ளியோடு வந்தது. திருப்தி இல்லாதவர்கள் ஆகஸ்டில் எழுதலாம் என்றார்கள். உண்மைதான். ஆனால் அவன் அதற்குள் அப்பாவோடு பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டில் ஒரு வருடக் கடன் நிற்கும்போது “இன்னும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்” என்று எந்தப் பையனால் சொல்ல முடியும்?

எல்லோரும் பாஸ் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நாங்கள் உழைத்ததைக் காட்டுவதற்கு எங்களுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. கடைசிப் பரீட்சை முடிந்து சட்டையில் இங்க் அடித்துக்கொள்வார்களே, அதுவும் கிடைக்கவில்லை. என் யூனிஃபார்ம் ஒரு கறை இல்லாமல் பீரோவில் இருக்கிறது. எங்கள் செட்டுக்கு ஒரு குரூப் போட்டோகூடக் கிடையாது.

இந்த ஜூலை 19 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்தப் போட்டோவை எடுத்துக்கொள்ளப் பள்ளியில் கேட்டோம், வேப்பமரத்தடியில் பெஞ்ச் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். மிஸ் ரிட்டையர் ஆகிவிட்டார், இருந்தும் வருகிறார். சனிக்கிழமை ராத்திரி பெங்களூரில் பஸ் ஏறிவிடுவதாக அந்த நண்பன் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். மிஸ் பக்கத்து நாற்காலியில் அவனை உட்கார வைப்பது என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.