சர்வீஸ்களை நிறுத்தச் சொல்லும் பட்டியலை அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே பட்டியல். "விண்டோஸ் வேகமாக ஓட இந்த 40 சர்வீஸ்களை டிசேபிள் செய்யுங்கள்." சர்வீஸ் என்றால் விண்டோஸின் பின்னணியில் ஓடும் புரோகிராம். பரப்புகிறவர்களே, நிறுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரு தடவையாவது அளந்து பார்த்தீர்களா? இதையே 'டியூனிங்' என்று சொல்லி வயதானவர்களிடம் வெள்ளி வாங்கும் சிங்கப்பூர்க் கடைக்காரர்களே, நீங்கள்?

2001-இல் எக்ஸ்பி வந்தபோது 128 எம்பி ராம் இருந்தவருக்கு இதில் அர்த்தம் இருந்தது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தபட்சமே 4 ஜிபி. சர்வீஸ்களில் பெரும்பாலானவை 'மேனுவல்'. தேவைப்பட்டால்தான் எழும், மற்ற நேரத்தில் சிபியூவைத் தொடாது. டாஸ்க் மேனேஜரில், சர்வீஸ்களை ஓட்டும் 'எஸ்விசிஹோஸ்ட்' என்று எழுபது எண்பது வரி தெரிந்தால் உடனே வைரஸ் என்று கிளப்பிவிடுகிறார்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டில்தான் ஓடும். ஒன்று விழுந்தால் கூட இருப்பவை விழக்கூடாது என்பதற்காக மைக்ரோசாஃப்ட் செய்த மாற்றம் அது.

ஆக, நிறுத்துவதால் வரும் லாபம் சொற்பம்தான். நஷ்டத்தைப் பாருங்கள். டிஹெச்சிபி கிளையன்டை நிறுத்தினால் ரூட்டரிடமிருந்து ஐபி முகவரி வராது, இணையமும் ஓடாது. பைபர் கம்பெனிக்குப் போன் போட்டு ஆள் வரச் சொல்கிறார்கள், கோளாறோ கம்ப்யூட்டருக்குள்! விண்டோஸ் ஆடியோவையும் கேமரா ஃப்ரேம் சர்வரையும் நிறுத்திவிட்டால், வீட்டிலிருந்து பாடம் படிக்கும் நாளில் பிள்ளைக்குச் சத்தமும் இல்லை, முகமும் தெரியாது. விண்டோஸ் அப்டேட்டை டிசேபிள் செய்தால் 0x80070422 என்ற பிழை வரும், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட்டுகள் வராது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறார்கள். வயிறு எரிகிறது.

அச்சிடும் வேலையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்த ஒரு நியாயம் உண்டு. 2021-இல் அதில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது, பிரிண்டரே இல்லாதவர் ஸ்பூலரை நிறுத்தி வைக்கலாம். ஆனால் அது பாதுகாப்புக்காக, வேகத்துக்காக இல்லை. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே மெமரிக்கு ஏற்றும் சிஸ்மெய்னை நிறுத்திச் சோதிக்கலாம். அப்போதும் உண்மையான மருந்து எஸ்எஸ்டிதான். சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளை லேப்டாப் ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூறு தடவை எடுத்தாலே பெரிது, எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் எடுக்கும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் எது திணறுகிறது என்று பத்து நிமிடம் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியே நிற்கிறதா? அங்கேயே, ராம் செருகும் இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரி இருக்கும். இரண்டில் ஒன்றுதான் நிரம்பியிருந்தால், போர்டு ஏற்கும் ராமை சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் வாங்கிப் போடலாம். 'ஃபார்ம் ஃபேக்டர்' வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அந்த ராம் போர்டிலேயே பற்றவைத்தது, அதைக் கழற்ற முடியாது. வேலை நடக்கும்போதே சிபியூ வேகம் அங்கேயே தெரியும் 'பேஸ் ஸ்பீடு' எனும் அடிப்படை வேகத்துக்கும் கீழே விழுந்தால் பவர் மோடையும் சூட்டையும் சந்தேகியுங்கள். நம் ஊர் வெக்கையில், ஏர்கான் இல்லாத அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப்பின் விசிறியில் தூசி அடைத்திருந்தால் எந்தச் சர்வீஸை நிறுத்தினாலும் சூடு இறங்காது.

எதையாவது நிறுத்தியே ஆக வேண்டுமா? விண்டோஸோடு வரும் 'எம்எஸ்கான்ஃபிக்' கருவியைத் திறந்து 'சர்வீசஸ்' பக்கத்தில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' பெட்டியில் டிக் போடுங்கள். மிச்சம் தெரிபவை பிற கம்பெனிகளுடையவை: பிரிண்டர் உதவியாளர், அப்டேட்டர், லேப்டாப்போடு வந்த சில்லறை மென்பொருள்கள். இரண்டு ஆன்டிவைரஸ் ஒன்றாக ஓடினால் ஒன்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

ஏற்கெனவே பட்டியலைப் பின்பற்றிவிட்டவர்கள் டிஹெச்சிபி கிளையன்ட், விண்டோஸ் ஆடியோ, டபிள்யுலேன் ஆட்டோகான்ஃபிக் (வைஃபைக்கானது), கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ் (கோப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது) நான்கையும் 'ஆட்டோமேட்டிக்'குக்கும், விண்டோஸ் அப்டேட்டையும் கேமரா ஃப்ரேம் சர்வரையும் 'மேனுவல்'லுக்கும் திருப்பி, இன்றைக்கே ரீஸ்டார்ட் செய்யுங்கள்.