சர்வின் வேகம்: கால்களும் பிடியும்

டென்னிஸில் ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கப் பந்தை மேலே எறிந்து அடிக்கும் சர்வின் வேகம் கூட வேண்டுமானால் பளு தூக்கித் தோளையும் கையையும் வலுவாக்க வேண்டும் என்று, இதைப் பற்றிய கட்டுரை ஒன்றை எழுதியவர் கூறுவது பாதி உண்மையே. முழங்காலை மடக்கித் தரையை உந்தி எழும்போது பிறக்கும் விசை, இடுப்பு, உடற்பகுதி, தோள் என்று வரிசையாக ஏறி, மேற்கை உட்புறமாகச் சுழலும் கணத்தில்தான் ராக்கெட்டின் தலைக்கு வந்து சேர்கிறது. இந்த வரிசை எங்கேனும் தடைபட்டால், எவ்வளவு திரண்ட புஜமும் அதை ஈடுகட்டாது. உயரம் உதவும் என்பதை மறுக்கவில்லை: 208 செ.மீ. உயரமுள்ள அமெரிக்க வீரர் ஜான் இஸ்னர், நாடுகளுக்கிடையிலான 2016 டேவிஸ் கோப்பைப் போட்டியில் மணிக்கு 253 கி.மீ. வேகத்தில் சர்வ் செய்தார். ஆனால் 188 செ.மீ. உயரமுள்ள மற்றோர் அமெரிக்க வீரர் ஆண்டி ராடிக் 2004-லேயே 249 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிட்டாரே!

ராக்கெட்டைப் பிடிக்கும் பிடியைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாதது பெரிய குறை. உள்ளங்கை பந்தை நோக்கியபடி அடிக்கும் ஃபோர்ஹேண்ட் பிடியிலேயே சர்வ் செய்யும் புதியவர்களால் பந்தைத் தள்ளத்தான் முடியும். சுத்தியலைப் பிடிப்பதுபோல் ராக்கெட்டைப் பிடிக்கும் கான்டினென்டல் பிடிக்கு மாறி, ராக்கெட்டின் விளிம்பு பந்தை நோக்கி ஏறி, கடைசிக் கணத்தில் முன்கை திரும்பி அதன் முகம் பந்தில் படுமாறு பழக வேண்டும். தொடக்கத்தில் பந்து ஓரமாகப் பறக்கும், வலையிலும் விழும். அதற்காகப் பிடியை இறுக்கினால் மணிக்கட்டு விறைத்து, இருக்கிற வேகமும் போய்விடும். பந்தைச் சற்று முன்னால், ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு உட்புறமாக எறிந்து பார்ப்பதும் நல்லது.