அழிய மறுக்கும் தற்காலிகக் கோப்பு வைரஸ் அல்ல

விண்டோஸ் கணினியில் நிரல்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் டெம்ப் கோப்புறையில் அழிக்க முடியாமல் நிற்கும் கோப்புகள் எல்லாம் வைரஸ் என்றும், ஃபார்மட் செய்தால்தான் அவை போகும் என்றும் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தால், அதை அழிக்க அந்த நிரல் இடம் தராதவரை விண்டோஸ் மறுத்துவிடும். லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்திலோ கோப்பின் பெயர் உடனே நீங்கினாலும், நிரல் அதை மூடும்வரை வட்டில் இடம் விடுபடாது. விண்டோஸில் எந்த நிரல் கோப்பைப் பிடித்திருக்கிறது என்பதை, அதிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கருவியில் கோப்பின் பெயரைத் தேடி அறியலாம். பெரும்பாலும் கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகு அழித்தாலே போதும். உண்மையில் அஞ்ச வேண்டியது, வலிந்து அழிப்பதாகக் கூறும் மென்பொருளை முன்பின் தெரியாத தளங்களிலிருந்து இறக்கி நிறுவுவதைத்தான். வைரஸ் ஐயம் நீங்காதவர்கள் விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருளைக் கொண்டு முழுச் சோதனை செய்துகொள்ளலாம்.