பொட்டலத்தைத் தூக்கிக் காட்டியவருக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்த ஆரோக்கியப் பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று அந்த வீடியோ ஏழாவது முறையாக என் வாட்ஸாப்புக்கு வந்தது. அனுப்பியவர் சிரிக்கிற முகம் ஒன்றையும் கூடவே வைத்திருந்தார். சரி, எழுதிவிடுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஆட்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், வீடியோ உங்களையும் தேடி வரும். பேச்சாளரின் பெயரைப் போட மாட்டேன், அதைக் கேட்டு யாரும் இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கி, "இத வித்தவங்களும் இங்கதான் உக்காந்திருக்காங்க" என்றாரே, அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் பேச்சு. மண்டபமே சிரித்தது. விற்றவர் மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரும் சிரித்தார். வேறு என்ன செய்வார்?

திரையில் சிவப்பு எழுத்தில் 800 கலோரி என்று போட்டார்கள். ஐயா, பொரித்த கோழித்தொடையும் முழு முட்டையும் வைத்துத் தட்டில் கொடுக்கிறார்களே, அந்த நாசி லெமாக்குக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு பொருந்தும். உங்கள் விரலில் தொங்கியது 2 வெள்ளி (ரிங்கிட்) பொட்டலம். கொஞ்சம் சோறு, ஒரு கரண்டி சம்பல் (மிளகாய்த் தொக்கு), கால் முட்டை, நாலு நெத்திலி, வெள்ளரிக்காய் இரண்டு துண்டு. 400-க்குப் பக்கத்தில் வரும். அது குறைவென்று நான் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, எண்ணெய் மிதக்கிற சம்பல். யாரும் அதைக் கீரைக்கூட்டு என்று நினைத்துச் சாப்பிடவில்லை.

என் எரிச்சலே இங்கேதான். நாசி லெமாக்கில் கொழுப்பு இருக்கிறது என்று பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்ததைத் தூக்கிக் காட்டுவதற்குக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் காரில் வர வேண்டுமா? தெரியாத இடத்தில் பதுங்கியிருக்கிற கலோரியைக் காட்டியிருந்தால் நானே எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

நான் டாக்டர் இல்லை. செம்பனை (பாமாயில்) ஆலையில் எடை மேடையில் 22 வருஷமாக வேலை. லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, வெளியே போகும்போது ஓர் எடை, இரண்டையும் கழித்து எழுதுகிறவன். கண்ணால் பார்த்து இவ்வளவு இருக்கும் என்று எழுதினால் என் வேலை போய்விடும். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நாம் எல்லாரும் கண்ணால் பார்த்தே எழுதுகிறோம்.

நானும் அப்படித்தான் எழுதினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் எடை 91 கிலோ. இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) எல்லையில் நிற்கிறது, சோற்றைக் குறையுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள். குறைப்பது என்ன, இரவில் சோற்றை அடியோடு நிறுத்தினேன். பதிலுக்கு கிரீம் கிராக்கர் பிஸ்கட் ஆறு, நனைத்துச் சாப்பிட ஒரு குவளை மைலோ (சாக்லெட் மால்ட் பானம்), அப்புறம் செய்தி பார்க்கும்போது ஒரு கைப்பிடி வறுத்த கடலை. மூன்று மாதம் ஏதோ விரதம் இருக்கிற பெருமையோடு நடந்தேன். எடை பார்த்தால் 93. "வெளிய எங்க போய்ச் சாப்பிடுறீங்க, உண்மையச் சொல்லுங்க" என்று வீட்டில் விசாரணையே நடந்தது.

மகள்தான் சமையல் தராசு ஒன்று வாங்கி வந்தாள். எடை மேடைக்காரன் வீட்டில் அதுவரை ஒரு தராசு இல்லை என்பது வேறு கதை. பிஸ்கட் ஒன்று கிட்டத்தட்ட 35 கலோரி, ஆறுக்கு 200-க்கு மேல். மைலோ மூன்று கரண்டி, அதில் கெட்டிப்பால் இரண்டு கரண்டி, ஆக 250. கடலைதான் என்னைக் கவிழ்த்தது. என் 'ஒரு கைப்பிடி' 60 கிராம் இருந்தது, 340 கலோரி. மொத்தம் 800. விரதம் இருந்தவன் கணக்கு! நான் தியாகம் செய்த ஒரு கிண்ணம் சோறு 200. அதோடு ரசமும் குழம்பு மீனும் சேர்த்தால்கூட 450-ஐத் தாண்டியிருக்காது.

அன்றைக்கு எனக்கு ஒன்று விளங்கியது. நாம் எதைச் சொல்லும்போது 'தான்' போடுகிறோமோ, அங்கேதான் எல்லாம் பதுங்கியிருக்கிறது. "சாப்பிடலையா?" "இல்ல, பிஸ்கட்தான்." "பசியாறிட்டீங்களா?" "வெறும் தேத்தண்ணிதான்." "கொஞ்சம் கச்சான் கடலைதான்." தோட்டத்தில் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு பிஸ்கட்டும் தேத்தண்ணியும்தான் கொடுப்பார்கள். அது நோயாளி உணவு, அதில் என்ன இருக்கப்போகிறது என்றே வளர்ந்தோம். சோறு என்றால்தான் நமக்குச் சாப்பாடு. மற்றதெல்லாம் கணக்கில் வராத லோரி, எடை போடாமலே கேட்டைத் தாண்டிவிடும்.

கத்திரிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக 100 கிராமுக்கு 25 கலோரி. சட்டியில் போட்டால் பஞ்சு மாதிரி எண்ணெயைக் குடிக்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பொரித்த கத்திரிக்காயைச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குச் சைவம், வயிறு லேசாக இருக்கிறது என்போம். தேன் என்றால் மருந்து, சீனி என்றால் விஷம். சீனி ஒரு மேசைக்கரண்டி 50 கலோரிக்குள், தேன் அதே கரண்டிக்கு 64. தேன் கெட்டியானது, கரண்டியில் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். வெல்லமும் எடைக்கு எடை சீனிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதையெல்லாம் அந்த மேடையில் சொல்லியிருக்கலாமே? ஒருவர் மனமும் நொந்திருக்காதே.

சொல்லவில்லை. மாறாக, வாசலில் ஆளுக்கொரு 'ஆரோக்கியப் பை' கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தராசை எடுத்தேன். (என் குணம் அப்படி.) கிரானோலா 60 கிராம், ஒரு கரண்டி அளவு தேன் பாக்கெட், பேரீச்சை 30 கிராம், பெட்டிப் பழச்சாறு ஒன்று. கூட்டினால் 500-ஐத் தாண்டுகிறது. இரண்டு விரலால் தூக்கிய பொட்டலத்தைவிட அதிகம் ஐயா! அந்தப் பையை யாரும் இரண்டு விரலால் தூக்கவில்லை. நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனார்கள்.

இப்போது வருவீர்கள். தெரியும்.

"கலோரி மட்டுமா முக்கியம், கடலையில் சத்து இருக்கிறதே?" இருக்கிறது. சாப்பிடுங்கள், ஆனால் நிறுத்துச் சாப்பிடுங்கள். முடிந்தது.

"விற்கிறவர் உன் அத்தை, அதனால்தான் குதிக்கிறாய்." ஆமாம், அப்பாவின் தங்கை. அதனால்தான் குதிக்கிறேன். உங்கள் அத்தையாக இருந்தால் நீங்களும் குதிப்பீர்கள். குதிக்கவில்லை என்றால் உங்கள் அத்தைதான் பாவம்.

"அவர் இலவசமாக வந்து நல்லதுதானே சொன்னார்?" மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம், மதியம் வாழை இலையில் சாப்பாடும் போட்டோம். அப்பளத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். நான் எண்ணவில்லை, பக்கத்தில் இருந்தேன், கண்ணில் பட்டது.

"நம் இனத்தில் இனிப்பு நீர் எவ்வளவு என்று தெரியுமா, உறைக்கிற மாதிரி சொன்னால்தான் திருந்துவார்கள்." இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். தெரியும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதில் இந்தியர்களின் விகிதமே ஆக அதிகம். இந்தக் கணக்கை நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டிலேயே பார்த்தேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். காலை நாலு மணிக்கு எழுந்து, பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே காட்டுக்குள் இறங்குவார். 400, 500 மரம் வெட்டிவிட்டு, திரும்ப அதே வழியில் வந்து பாலை எடுத்து, இரண்டு கையிலும் வாளியோடு மேடு ஏறுவார். லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது, கரண்டும் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்குத்தான். பசும்பால் கெட்டுப்போகும், டின்னில் வருகிற கெட்டிப்பால் கெடாது. சீனிதான் அதைக் கெடாமல் காக்கிறது. ஒரு டின்னுக்குள் 1,600 கலோரி. ஐந்து பேர் இருந்த வீட்டில் இரண்டு நாளைக்கு ஒரு டின். அந்தத் தேத்தண்ணியில்தான் அப்பா மரமரமாக நடந்தார். அன்றைக்கு அது அவருக்கு எரிபொருள், தப்பே இல்லை.

அப்புறம் ரப்பரை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை போட்டார்கள். 52 வயதில் அப்பாவை ஜாகா (காவல்) வேலைக்கு மாற்றினார்கள். கேட்டுப் பக்கத்தில் ஒரு நாற்காலி. நடை நின்றது, தேத்தண்ணி நிற்கவில்லை. இராத்திரி தூக்கம் வரக்கூடாதென்று இரண்டு குவளை கூடியது. கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டி 65 கலோரி, குவளைக்கு மூன்று கரண்டி, ஒரு நாளைக்கு ஐந்து குவளை. பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கியது அவர் போன பிறகு.

அந்தப் பத்து வருஷத்தில் அவரைப் பார்த்த ஒவ்வொருவரும் ஒரே ஒன்றைத்தான் சொன்னார்கள்: "நாக்க கட்டுங்க, பெரியவரே." உறைக்கிற மாதிரிதான் சொன்னார்கள். ஒரு தடவை எனக்கு முன்னாலேயே சொன்னார்கள், அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தை சிரித்தாரே, அதே சிரிப்பு. அண்ணன் தங்கை இல்லையா. நாக்கைக் கட்டுகிறேன் என்று அவர் சோற்றைக் குறைத்தார், மீனை விட்டார், தீபாவளிப் பலகாரத்தைத் தொடவில்லை. குவளையில் எத்தனை கரண்டி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கால் விரல் இரண்டை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "சாப்பாட்டையே விட்டுட்டேன்யா, வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறேன்" என்றார். ஆகவே உறைக்கிற மாதிரி சொல்வதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது, லிட்டருக்கு 40 காசில் தொடங்கி 2025-இல் 90 காசாக ஏறியது. நல்லதுதான். ஆனால் கடையில் இழுக்கிற தேத்தண்ணிக்கு அந்த வரியும் இல்லை, உள்ளே என்ன என்று சொல்ல லேபிளும் இல்லை. லேபிள் இல்லாத இடத்தில்தான் விவரம் தெரிந்தவர் வந்து சொல்ல வேண்டும். அதே சமயம், உதவித்தொகை விலையில் ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. ஒரு கிலோ எண்ணெய் 9,000 கலோரி. கடையில் அந்தக் காசுக்கு அவ்வளவு கலோரி கொடுக்கிற பொருள் வேறு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. மாதக் கடைசியில் கையில் 10 வெள்ளி வைத்திருக்கிற பெண் எதை வாங்குவாள்? அவகாடோவையா? அந்த எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டியவர்கள் நாங்கள், லோரியை நிறுத்து ஆலைக்குள் விட்டவன் நான், அந்த எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் நாக்கு அடங்காதவர்களும் நாங்கள்தான். அவகாடோவும் 100 கிராமுக்கு 160 கலோரி, அதையும் சொல்லிவைக்கிறேன்.

பேச்சு எங்கேயோ போய்விட்டது. போகட்டும்.

அத்தை திங்களும் செவ்வாயும் கடை போடவில்லை. 19 வருஷத்தில் காரியம், பிரசவம் தவிர அவர் கடையை மூடி நான் பார்த்ததில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனேன். "ஏண்டா, நான் என்ன வெஷமா விக்கிறேன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கையில் பதில் இல்லை. தராசுக் கதையைச் சொன்னேன், கச்சான் கணக்கைச் சொன்னேன், கொஞ்சம் சிரித்தார். அப்பா கதையைச் சொல்லவில்லை. ஆனால் அத்தை விவரமானவர்.

இன்று காலை கடை திறந்திருந்தது. எனக்கு வழக்கமான தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. நாசி லெமாக் பொட்டலம் வழக்கத்தில் பாதிதான் அடுக்கியிருந்தது. பால் டின் பக்கத்தில் புதிதாக ஒரு மேசைக்கரண்டி. வருகிற ஒவ்வொருவரையும் அத்தை நிமிர்ந்து பார்க்காமலே கேட்கிறார், "பால் எத்தன கரண்டி?" லோரி ஓட்டுகிற மாமா ஒருவர் அப்பா வயதுக்காரர், அப்பாவோடு ஜாகா வேலை பார்த்தவர். "இது என்னம்மா புதுசா, எப்பவும் போல போடு" என்றார்.

அத்தை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.