ரயில் பாதை போட்டவர்கள் யார்?

ஆப்பிரிக்காவை ஆண்ட ஐரோப்பியர்களைப் பற்றி, "கொள்ளையடித்தாலும் ஆப்பிரிக்காவுக்கு ரயிலையாவது விட்டுச் சென்றார்கள்" என்கிறது ஒரு கட்டுரை. அந்தப் பாதையை யார் போட்டார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1921 முதல் 1934 வரை போட்ட காங்கோ-ஓசன் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காங்கோ ஆற்றங்கரையில் உள்ள பிரஸாவில்லிலிருந்து கடற்கரையில் உள்ள புவாந்த்-நுவார் வரை சுமார் 510 கிலோமீட்டர். ஆற்றுக்கு அக்கரையில் பெல்ஜியக்காரர்களின் ரயில் 1898-லிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பி இருக்கக் கூடாது என்றுதான் இந்த இரண்டாவது பாதை. உள்ளூர் ஆட்கள் போதாமல் சாட் நாட்டின் தெற்குப் பகுதி வரை போய்ச் சாரா இன ஆண்களைப் பிடித்து வந்தார்கள். நடையாகவும், ஆற்றுப் படகுகளில் அடைத்தும் கொண்டுவந்ததில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். மயோம்பே மலைக்காட்டில் பாறையைப் பெரும்பாலும் சம்மட்டியாலும் கடப்பாரையாலும்தான் உடைத்தார்கள். குறைந்தது 17,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது பரவலான மதிப்பீடு. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் "கூலி கொடுத்தார்களே" என்று கேட்டிருக்கிறார். சரி, கொடுத்தார்கள்தான், ஏதோ பேருக்கு. ஆனால் வரமாட்டேன் என்று சொல்ல முடியாத ஒருவனுக்குக் கொடுப்பதைக் கூலி என்று எப்படிச் சொல்வது? வரமாட்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்: 1928-இல் உபாங்கி-ஷாரியில், இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில், பாயா மக்கள் கார்னு என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்ததற்கு இந்த ஆள்பிடிப்பும் ஒரு காரணம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே கார்னுவைக் கொன்றுவிட்டார்கள். கிளர்ச்சி 1931 வரை நீடித்தது. கட்டாய உழைப்பைப் பிரான்ஸ் சட்டப்படி ஒழித்ததோ 1946-இல்தான், அப்போது ரயில் ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.