இடி மேல் பழி போடாதீர்கள்

பீதரில் ஆட்டோ ஓட்டியவர், வாசலில் நின்ற காவலாளி, எதிரே தேநீர் விற்றவர் என்று மூன்று பேரிடம் கேட்டேன். பழைய கல்விக்கூடமான மஹ்மூத் கவான் மதரஸாவின் பாதி முகப்பு எங்கே போயிற்று? மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: இடி விழுந்தது. ஊர் திரும்பிப் பத்து நாளாகிவிட்டது. அந்தப் பதில் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பதிவு நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கிறது பீதர். ஒரு காலத்தில் பாமினி சுல்தான்களின் தலைநகரம். பழைய ஊரின் நெருக்கமான தெருவொன்றில் திரும்பியதும் அந்த மூன்றடுக்குக் கட்டடம் சட்டென்று எதிரே எழுகிறது. வடகிழக்கு மூலையில் ஒரு மினாரா முழுதாக நிற்கிறது. அதற்கு இணையாகத் தென்கிழக்கில் நிற்க வேண்டிய மினாரா இல்லை. அதைச் சேர்ந்த முகப்பும் இல்லை. நிற்கும் பக்கத்தில் நீலம், பச்சை, மஞ்சள், வெள்ளை என்று மெருகேற்றிய ஓடுகள்; குர்ஆன் வசனங்கள் ஓடும் பட்டையில் பல எழுத்துகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. அருகில் போய்ப் பார்த்தேன். ஓடு உதிர்ந்த இடத்தில் சுண்ணாம்புக் காரையில் அதன் அச்சு மட்டும் பதிந்திருக்கிறது. பக்கத்திலேயே உள்ளங்கை அகல நீல ஓடு ஒன்று, நேற்றுப் பதித்ததுபோல் பளபளக்கிறது. ஐந்நூற்றைம்பது ஆண்டு வெயிலும் மழையும் அதை ஒன்றும் செய்யவில்லை.

இதைக் கட்டிய கவான், பாரசீகத்தின் கீலான் பகுதியிலிருந்து நாற்பது வயதுக்கு மேல் வணிகராகத் தக்காணத்துக்கு வந்தவர். பாமினி அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்த பிறகும் கல்விமான்களோடு கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். ஹெராத் நகரத்துக் கவிஞர் ஜாமியைக்கூட பீதருக்கு அழைத்துப் பார்த்தார்; அவர் வரவில்லை. மசூதி, நூலகம், பாட அறைகள், ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கும் அறைகள் எல்லாவற்றையும் ஒரே முற்றத்தைச் சுற்றி அமைத்தார். அதே ஆண்டுகளில் பீதருக்கு வந்த ரஷ்ய வணிகர் நிகிதின், இங்கே பிரபுக்கள் செல்வத்தில் மிதக்கிறார்கள், நாட்டுப்புற மக்கள் வறுமையில் வாடுகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில்தான் கவான் மண்சட்டியில் சமைத்து உண்டு, பாயில் படுத்தார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா.

முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்தவள் நான். அதனால் அடுத்த செய்தி எனக்குத் தனி மகிழ்ச்சி தந்தது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. பிஸ்மில்லாஹ் தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் வரும் 786 நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இந்த மதரஸா கட்டி முடிந்தபோது சாமி என்ற கவிஞர் அதன் ஆண்டை ஒரு குர்ஆன் தொடருக்குள் வைத்துப் பாடினார்: "ரப்பனா தகப்பல் மின்னா". எங்கள் இறைவா, எங்களிடமிருந்து இதை ஏற்றுக்கொள் என்று பொருள். மக்காவிலுள்ள கஅபாவின் சுவரை எழுப்பும்போது இப்ராஹீமும் இஸ்மாயீலும் வேண்டிய வேண்டுதல் அது. முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கூட்டினேன். முதல் சொல் 253, இரண்டாவது 532, மூன்றாவது 91. மொத்தம் 876. ஹிஜ்ரி 876 என்றால் நம் கணக்கில் 1471-72. விடை சரியாக வந்ததும் கண் கலங்கிவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இதைவிட நல்ல பிறந்தநாள் குறிப்பு இருக்க முடியுமா?

கட்டியவருக்கு அதன் பிறகு பத்து ஆண்டுகூடக் கிடைக்கவில்லை. மாகாண ஆளுநர்களின் அதிகாரத்தை அவர் குறைத்தார்; பெரிய மாகாணங்களைப் பிரித்தார், கோட்டைகளைச் சுல்தானின் நேரடிப் பொறுப்பில் கொண்டுவந்தார். எதிரிகள் அவருடைய முத்திரை விழுந்த வெற்றுத்தாள் ஒன்றைக் கைப்பற்றி, ஒடிசா மன்னரைப் படையெடுத்து வரச் சொல்வதுபோல் அதில் கடிதம் எழுதினார்கள். முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல என்று அவர் சொன்னது மதுவில் மூழ்கியிருந்த மூன்றாம் முகம்மது ஷாவின் காதில் ஏறவில்லை. 1481 ஏப்ரலில் கொண்டபள்ளியில் கவானின் தலையை வெட்டினார்கள். இந்தச் சுல்தான்தான் அதே படையெடுப்பில் நம் காஞ்சிபுரத்துக்கு வந்து கோயிலைக் கொள்ளையடித்துப் போனவர்.

இனி அந்த இடிக்கு வருகிறேன். 1657-ல் ஔரங்கசீப் பீதர் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்த வெடிமருந்தில் தீப்பற்றியது. கோட்டைத் தலைவர் சீதி மர்ஜான் அதில் கருகி இறந்தார். கோட்டை முகலாயர் கைக்கு வந்தது. வெடிமருந்து என்ன செய்யும் என்பதை அந்த ஊரில் அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? பிறகு அவர்கள் காலத்திலேயே மதரஸாவில் படைவீரர்களைத் தங்கவைத்தார்கள், அறைகளில் வெடிமருந்தையும் அடுக்கினார்கள். 1696-ல் மின்னல் இறங்கியது. மின்னலால் ஒரு மூலையைப் பெயர்க்க முடியும், ஒரு விரிசல் விட முடியும். பாதி முகப்பையும் ஒரு மினாராவையும் சேர்த்துப் பெயர்த்தது அந்த மருந்துதான். அதை மூட்டை மூட்டையாகச் சுமந்துவந்து படிக்கும் அறையில் வைத்தவர்கள் மனிதர்கள். இடிக்கு என்ன தெரியும், அது பள்ளிக்கூடமா கிடங்கா என்று?

கோபமாகத்தான் எழுதுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நூலக அறையைக் காலி செய்து, உடைந்த பெஞ்சுகளையும் பழைய இரும்பையும் ஏற்றி வைத்தார்கள். "இரண்டு மாதம்தான் டீச்சர்" என்றார்கள். நான்கு ஆண்டு ஆயிற்று. புத்தகங்களைத் தாழ்வாரத்தில் மழைச்சாரல் நனைத்தது. படிக்கும் இடத்தைச் சும்மா கிடக்கும் இடமாகப் பார்க்கும் அந்தக் கண்ணை எனக்கு நன்றாகத் தெரியும்.

இடிந்த பாதியை அப்படியே திரும்பக் கட்டலாமே என்று உடன் வந்த தோழி கேட்டார். வேண்டாம் என்பேன். புது ஓட்டால் அந்தக் காயத்தை மூடிவிட்டால், நடந்தது யாருக்கும் நினைவிருக்காது. நிற்கும் ஓடுகளைக் காப்பாற்றுங்கள், அது போதும். வாசலில் நாலு வரி மட்டும் வேண்டும், கன்னடத்திலும் உருதுவிலும் இந்தியிலும்: இது கல்விக்கூடம்; இங்கே வெடிமருந்து வைத்தார்கள்; அதனால் பாதி போயிற்று. அதன் கீழே அந்த மூன்று சொற்களும், 876 என்ற கூட்டலும்.

பீதர் போகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். முகப்பு கிழக்கே பார்த்தது. அந்த நேரத்து வெயிலில்தான் நீலம் எரியும். கையில் ஒரு பென்சிலும் எடுத்துப் போங்கள். குழந்தைகள் கூட வந்தால் முற்றத்தில் உட்காரவைத்துக் கூட்டச் சொல்லுங்கள்.